கம்யூனிட்டி நோட்ஸ் ரிவ்யூ: தடுப்பூசிக்கு ஓகே, தேர்தலுக்கு தேறாது

போன் வாங்குனா ரிவ்யூ போடறோம், பிரியாணி சாப்ட்டா ரிவ்யூ போடறோம், ஆனா எதை நம்பணும் எதை நம்பக்கூடாதுன்னு தினம் நமக்கு சொல்ற ஒரு சர்வீஸ் ஓசியில ஓடிட்டு இருக்கு, அதுக்கு தமிழ்ல ஒழுங்கா ஒரு ரிவ்யூ என் கண்ணுல படல. எக்ஸ்ல (எனக்கு இன்னும் ட்விட்டர்தான், வாய்ல வேற வரமாட்டேங்குது) சில போஸ்டுக்கு கீழ ஒரு சின்ன பெட்டி வரும் பாத்திருப்பீங்க, இந்த வீடியோ இப்ப எடுத்தது இல்ல, வேற ஊர்ல எப்பவோ எடுத்ததுன்னு ரெண்டு வரி, கூடவே ஒரு லிங்க். அதான் கம்யூனிட்டி நோட்ஸ். நான் படிக்கிறதோட நிறுத்தாம உள்ள போய் ரேட்டிங்கும் போடற ஆளு, அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு விஷயம், இது மஸ்க் கொண்டாந்ததுன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, கிடையாது. 2021 ஜனவரியிலயே, அவர் கம்பெனியை வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடி, பேர்ட்வாட்ச்ங்கற பேர்ல அமெரிக்காவுல மட்டும் சோதனையா ஆரம்பிச்சாங்க. தேர்தல்ல மோசடின்னு நம்பி ஒரு கூட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள்ள பூந்துச்சே, அதே மாசம். மஸ்க் 2022 அக்டோபர் கடைசில வாங்குனார், நவம்பர்ல பேரை மாத்துனார், உலகம் முழுக்க காட்ட ஆரம்பிச்சார், அவ்ளோதான். இந்தியாவுல இருக்கறவங்களும் நோட் எழுதலாம்னு திறந்து விட்டது 2024 ஏப்ரல் முதல் வாரத்துல, நம்ம ஊர்ல ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. நேரத்தை பாருங்க, கல்யாணத்தன்னைக்கு வந்து சமையல்காரனை தேடற கதைதான்.

சேர்றது சுலபம். அக்கவுண்ட் ஆறு மாசமாவது பழசா இருக்கணும், போன் நம்பர் உறுதி பண்ணியிருக்கணும், சமீபத்துல விதி மீறி மாட்டியிருக்கக்கூடாது. என்ன படிச்சிருக்கீங்க, என்ன வேலை பாக்கறீங்க, எதுவும் கேக்கமாட்டான். உள்ள போனதும் உங்க பேர் காணாம போயிடும், அவனே ஒரு புனைபேர் வச்சிடுவான். நீங்க எய்ம்ஸ்ல இதய டாக்டரா இருந்தாலும் சரி பிளஸ் டூ ஃபெயிலா இருந்தாலும் சரி, உள்ள எல்லாருக்கும் அதே முகமூடிதான். எடுத்த எடுப்புல நோட் எழுதவும் விடமாட்டான், மத்தவங்க எழுதுனதுக்கு முதல்ல ரேட்டிங் போடணும், நீங்க போட்டது கடைசி முடிவோட ஒத்துப்போனா ரேட்டிங் இம்பாக்ட்னு ஒரு புள்ளி ஏறும், அது அஞ்சு வந்தாதான் எழுதற உரிமை.

ரேட்டிங் போடற இடம் எனக்கு புடிச்சிருக்கு, சும்மா லைக் மாதிரி தட்டிட்டு போறது இல்ல. இந்த நோட் உதவியா இருக்கா, ஆமா, ஓரளவு, இல்ல, இதுல ஒண்ணு அழுத்தணும். அப்புறம் ஏன்னு காரணம் டிக் பண்ணணும்: நல்ல ஆதாரம் குடுத்திருக்கு, போஸ்டுல சொன்னதுக்கு நேரா பதில் சொல்லுது, புரியற மாதிரி இருக்கு, நடுநிலையா எழுதியிருக்கு, இப்படி. புடிக்கலன்னா அதுக்கும் லிஸ்ட் இருக்கு: ஆதாரம் இல்ல, இது வெறும் கருத்து, இந்த போஸ்டுக்கு நோட்டே தேவையில்ல. இந்த கடைசி காரணத்தை பழைய ஆளுங்க என்என்என்னு (இங்கிலீஷ்ல 'நோ நோட் நீடட்') சுருக்கி நோட்டுக்குள்ளயே எழுதி வச்சு மல்லு கட்டுவாங்க, உள்ள போய் பாத்தாதான் தெரியும், வெளிய ரெண்டு வரி பெட்டி வர்றதுக்கு உள்ள ஒரு பட்டிமன்றமே நடந்து முடிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், எது வெளிய வரும் எது வராதுன்னு யார் முடிவு பண்றா. ஓட்டு எண்ணிக்கை மட்டும் வச்சு இல்லங்க. ஆயிரம் பேர் சேர்ந்து சூப்பர்னு அழுத்துனாலும் அந்த ஆயிரமும் எப்பவும் ஒரே மாதிரி ரேட்டிங் போடற ஆளுங்கன்னா அந்த நோட் வெளிய வராது. வழக்கமா ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போகாத ரெண்டு கும்பல்ல இருந்தும் ஆளுங்க ஆமா சரிதான்னு சொல்லணும். விஜய் ரசிகனும் அஜித் ரசிகனும் ஒரே படத்தை நல்லாருக்குன்னு சொன்னா டிக்கெட் போடலாம்ல, அந்த கணக்கு. யார் எந்த கும்பல்னு கட்சி கார்டு கேக்கறது இல்ல, நீங்க இதுவரைக்கும் போட்ட ரேட்டிங்கை வச்சு கணக்கே கண்டுபுடிச்சுக்கும், கடைசில நோட்டுக்கு ஒரு மதிப்பெண் வரும், 0.40 தாண்டுனா வெளிய. அந்த நிரல், டேட்டா எல்லாத்தையும் பொதுவுல போட்டு வச்சிருக்கான், யார் வேணா இறக்கி சோதிச்சு பாக்கலாம், இதுக்கு மட்டும் கண்ண மூடிட்டு ஒரு ஸ்டார் குடுப்பேன், ஏன்னா இந்த கம்பெனி வேற எதையும் இவ்ளோ திறந்து வச்சு நான் பாக்கல.

கவனிச்சீங்களா, இந்த கணக்குல நிபுணர்னு ஒரு ஆளே கிடையாது. ரத்தப் புற்றுநோயை பத்தின நோட்டுக்கு ஒரு புற்றுநோய் டாக்டர் போடற ரேட்டிங்குக்கும் நான் போடறதுக்கும் தனி எடை எதுவும் இல்ல. ஜனநாயகம்னா இப்படித்தான் இருக்கணும்னு ஒரு கூட்டம், முட்டாள்தனம்னு ஒரு கூட்டம். ரெண்டு பேரும் பாதிதான் பாக்கறாங்கன்னு நினைக்கிறேன், அதை சொல்லத்தான் இந்த ரிவ்யூவே.

எங்க நல்லா வேலை செய்யுதுன்னு முதல்ல பாப்போம். 2024 ஏப்ரல்ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாக ஆளுங்க தலைமையில பண்ணது. கோவிட் தடுப்பூசி பத்தின நோட்டுகள்ல 200 சொச்சம் எடுத்து ஆய்வு பண்ணவங்க உக்காந்து சரி பாத்தா 97 சதவீதத்துக்கு மேல சரியா இருந்திருக்கு. டாக்டர் பட்டம் கேக்காத ஒரு கும்பல் எழுதுனதுங்க அது! நானே அசந்துட்டேன். ஆனா அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு, கிட்டத்தட்ட பாதி நோட்டுகள் லிங்க் குடுத்தது ரொம்ப நம்பகமான இடங்களுக்கு, ஆய்வுக் கட்டுரை, அரசு சுகாதார நிறுவனம் இந்த மாதிரி. அதாவது அந்த கும்பல் தடுப்பூசியை சோதிச்சு பாக்கல. எவனோ வருஷக்கணக்கா ஆயிரக்கணக்கான பேர வச்சு சோதிச்சு எழுதி வச்சதை தேடி எடுத்து சரியான போஸ்டுக்கு கீழ ஒட்டுனாங்க. அது சின்ன வேலைன்னு சொல்ல வரல, பெரிய வேலைதான், நம்ம ஊர்ல நூலகர்னு ஒருத்தரை எவனும் மதிக்கிறது இல்லையே தவிர. ஆனா நிபுணர் எங்கயும் போகல, லிங்க்குக்குள்ள ஒளிஞ்சிட்டு இருக்கார், பேர் மட்டும் கம்யூனிட்டிக்கு.

இதை எக்ஸே ஒருவகையில ஒத்துக்கிட்டாச்சு, 2023 அக்டோபர்ல இருந்து ஆதாரம் இல்லாம நோட் எழுத முடியாது. எந்த மாதிரி ஆதாரம் அதிகமா வருதுன்னு ஸ்பெயின்ல மால்டிடான்னு ஒரு அமைப்பு 2025ல பாத்தாங்க (அவங்களே ஃபேக்ட்செக், அதாவது பரவற தகவல் நிஜமா பொய்யான்னு சரிபாக்கற வேலை, பண்றவங்கதான், அதையும் மனசுல வச்சுக்கங்க), ஃபேக்ட்செக் தளங்கள் முன் வரிசையில நிக்குது. அதே 2025ல, ஜனவரி 7ம் தேதி, ஃபேஸ்புக் நடத்தற மெட்டா கம்பெனி என்ன பண்ணுச்சு? அமெரிக்காவுல ஃபேக்ட்செக் ஆளுங்களுக்கு 2016ல இருந்து காசு குடுத்து நடத்துன திட்டத்தை நிறுத்தறோம், இனிமே எக்ஸ் மாதிரி கம்யூனிட்டி நோட்ஸ்தான்னு சக்கர்பெர்க் வீடியோ போட்டார். கிணத்துல தண்ணி ஊத்திட்டு இருந்தவனை வேலைய விட்டு தூக்கிட்டு, வாளி இருக்கே அது போதும்ங்கறார். அந்த லிங்க்குக்கு போய் நிக்கற கட்டுரையை எழுத ஒருத்தன் ஆபீஸ் ஆபீஸா போன் போட்டு, ஆர்டிஐ போட்டு, வீடியோவை பிரேம் பிரேமா வெட்டி தேடி பாத்திருப்பான், அவன் சம்பளம் யார் குடுக்கறா? நோட் எழுதறவனுக்கு ஒண்ணும் குடுக்கறது இல்ல, அவனும் ஓசி, நானும் ஓசி.

சரி, சொதப்பற இடத்துக்கு வருவோம். அரசியல்.

2024 அமெரிக்க தேர்தல் சமயத்துல சிசிடிஎச்ங்கற, இணையத்துல ஓடற வெறுப்பையும் பொய்யையும் எதிர்க்கற அமைப்பு, தேர்தல் பத்தி ஃபேக்ட்செக்கர்கள் தப்புன்னு சொல்லிட்ட 283 போஸ்டுகளை எடுத்து பாத்தாங்க, சரியான நோட் எழுதி தயாரா இருந்தும் 209க்கு அது வெளிய காட்டப்படல. நாலுல மூணு. (இந்த அமைப்பு மேல எக்ஸ் 2023ல கேஸ் போட்டு 2024ல கோர்ட் அதை தள்ளுபடி பண்ணுச்சு, ரெண்டு பேருக்கும் ஏற்கனவே வாய்க்கா தகராறு உண்டு, அதையும் சேத்து படிங்க.) ஆனா உள்ள இருந்து ரேட்டிங் போடற எவனை கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான், அரசியல் போஸ்டுக்கு நோட் எழுதுனா அது இன்னும் ரேட்டிங் தேவைன்னு ஒரு வரியோட அப்படியே ஊறிட்டு கிடக்கும். கணக்கு பழுதாகல, கணக்கு எழுதுன மாதிரியேதான் ஓடுது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும்ங்கறதுதான் விதி, ரெண்டு பக்கமும் ஒத்துக்காத விஷயத்துலதான் பொய்யே அதிகமா ஓடுது, அப்புறம் எப்படி வெளிய வரும்? தடுப்பூசியில ஏன் வந்துச்சுன்னா, சண்டை போட்டுக்கிட்டவங்கள்ல பாதி பேராவது அந்த ஆஸ்பத்திரி, அந்த ஆய்வு இதழ் சொன்னா சரின்னு இன்னும் நினைச்சாங்க. தேர்தல் கமிஷன் சொன்னாலே நம்பமாட்டேன், கோர்ட் சொன்னாலும் நம்பமாட்டேன்னு ஒரு பக்கம் உக்காந்துட்டா, எந்த லிங்க்கை குடுத்து யாரை ஒத்துக்க வைப்பீங்க. நடுவரை ரெண்டு டீமும் ஏத்துக்கற மேட்சுக்கு மட்டும்தான் இந்த சர்வீஸ் ஸ்கோர்போர்டு குடுக்கும்.

அப்புறம் வேகம். நோட் வெளிய வர்றதுக்குள்ள போஸ்ட் ஊர் சுத்தி வந்து தூங்கியே போயிருக்கும். நீங்க முன்னாடியே லைக் போட்ட போஸ்டுக்கு பின்னாடி நோட் வந்தா உங்களுக்கு நோட்டிபிகேஷன் வரும், நல்ல வசதி, பாராட்டணும், ஆனா அந்த நேரத்துல நீங்க அதை நாலு குரூப்ல ஃபார்வர்டு பண்ணியிருப்பீங்களே அங்க யார் போய் சொல்றது. வேகமாக்கறோம்னு 2024 கடைசில லைட்னிங் நோட்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, 2025 ஜூலையில ஏஐ நோட் எழுதலாம்னும் சோதனை ஆரம்பிச்சாங்க, ரேட்டிங் மட்டும் மனுஷங்கதான் போடணும். ஏஐ எழுதற வேகத்துக்கு மனுஷன் ரேட்டிங் போட்டு முடிக்க முடியுமாங்கறதுதான் என் கவலை.

ஒரு கேஸை கிட்ட போய் பாக்கலாம், நம்ம நாட்டு சமாச்சாரம். 2025 செப்டம்பர்ல ட்ரம்போட வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ, இந்தியா ரஷ்யா எண்ணெய் வாங்கறது வெறும் லாபத்துக்குத்தான்னு போஸ்ட் போட்டார். கீழ நோட் வந்துச்சு: இந்தியா வாங்கறது எரிசக்தி தேவைக்காக, சட்டப்படி தப்பு இல்ல, அமெரிக்காவே ரஷ்யாகிட்ட யுரேனியம் மாதிரி சாமான் வாங்குதுன்னு. மனுஷன் கொதிச்சிட்டார், மஸ்க் பிரச்சாரத்தை உள்ள விடறார், இது குப்பை நோட்டுன்னு எழுதுனார். நம்ம ஆளுங்களுக்கு திருவிழாதான், ஸ்க்ரீன்ஷாட் பறந்துச்சு. நவாரோ சாதாரண ஆளும் இல்ல, ஹார்வர்டுல பொருளாதாரத்துல டாக்டர் பட்டம், பேராசிரியரா இருந்தவர். நிபுணரை ஜனங்க மடக்கிட்டாங்கன்னு எல்லாரும் குஷி. இதே மனுஷன் தன் புத்தகங்கள்ல ரான் வாரான்னு ஒரு நிபுணரை மேற்கோள் காட்டிட்டே இருந்தார், 2019ல பாத்தா அப்படி ஒரு ஆளே கிடையாது, தன் பேர் எழுத்தையே மாத்திப் போட்டு உருவாக்குன ஆளு! நிபுணரே இன்னொரு போலி நிபுணரை தயார் பண்ணா என்ன பண்றது சொல்லுங்க. இதை கண்டுபுடிச்சது கம்யூனிட்டி இல்ல, ஒரு ஆஸ்திரேலிய பேராசிரியை பிடிச்ச இழையை வச்சு பத்திரிகை எழுதுச்சு.

ஆனா என் கருத்து என்னன்னா, அந்த நோட்டும் அவ்ளோ நல்ல நோட் இல்ல. அங்க வந்த ஒரு நோட்டுல அமெரிக்கா இரட்டை வேடம் போடுதுங்கற மாதிரியே இருந்துச்சு, அது தகவல் இல்லையே, அது வாதம். இந்தியா லாபம் பாக்குதா இல்லையாங்கறது பொருளாதாரக் கேள்வி, சுத்திகரிச்சு யாருக்கு வித்தாங்க, என்ன தள்ளுபடி கிடைச்சுதுன்னு கணக்கு பாக்கணும், ரெண்டு வரியில முடியாது. என் கைக்கு வந்திருந்தா இது வெறும் கருத்துன்னு டிக் பண்ணியிருப்பேன், தேசத்துரோகின்னு திட்டுனாலும் பரவால்ல. நமக்கு சாதகமா வர்றப்ப நோட் சூப்பர்னு குதிக்கிறோம், எதிரா வந்தா அந்த பக்கத்து ஆளுங்க கும்பலா சேர்ந்து பண்ணிட்டாங்கங்கறோம். மஸ்க்கே 2025 பிப்ரவரியில உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி விஷயத்துல தனக்கு புடிக்காத நோட் வந்தப்ப, அரசாங்கங்களும் பழைய மீடியாவும் இதுல விளையாடறாங்க, சரி பண்றேன்னு எழுதுனார். கடைக்காரனுக்கே தராசு மேல கோபம் வந்துடுச்சு.

மாற்று என்ன இருக்குன்னு கேப்பீங்க. அரசாங்கமே முத்திரை குத்தட்டும்னு ஒரு வழி. 2023ல ஐடி விதியை திருத்தி, மத்திய அரசு சம்பந்தப்பட்ட விஷயத்துல எது பொய்னு மத்திய அரசோட ஃபேக்ட்செக் பிரிவே சொல்லும்னு கொண்டாந்தாங்க. காமெடியன் குணால் காம்ரா உள்பட சிலர் பாம்பே ஹைகோர்ட் போனாங்க, ரெண்டு நீதிபதிக்கும் கருத்து ஒத்து வரல, மூணாவது நீதிபதி 2024 செப்டம்பர்ல செல்லாதுன்னு சொன்னார். நம்ம தமிழ்நாடு அரசும் தகவல் சரிபார்ப்பகம்னு 2023ல ஒண்ணு ஆரம்பிச்சுது, அதுக்கும் எதிர்க்கட்சி கோர்ட்டுக்கு போச்சு. யார் ஆண்டாலும் சரி, பரீட்சை எழுதறவனே பேப்பர் திருத்தறது எனக்கு சரியா படல, அதுல வேலை பாக்கறவங்க நல்லவங்களா இருக்கலாம், அது வேற விஷயம். ஆனா சில நேரம் அரசாங்க ஆளு உடனே வாயை திறந்தாதான் வேலை ஆகும். 2023 மார்ச்ல பீகார் தொழிலாளிங்களை தமிழ்நாட்டுல அடிச்சு கொல்றாங்கன்னு வீடியோ பரவுச்சே, திருப்பூர்ல இருந்து ஆளுங்க ரயிலேற ஆரம்பிச்சுட்டாங்க, பீகார் சட்டசபை வரைக்கும் அமளி. அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு வீடியோவுல வந்து, ஒண்ணு பீகார் ஆளுங்க ரெண்டு குரூப்புக்குள்ள நடந்தது, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர் ஆளுங்க ரெண்டு பேருக்குள்ள நடந்ததுன்னு பிரிச்சு சொன்னார். ஃபேக்ட்செக் ஆளுங்களும் வீடியோ வீடியோவா தேடி போட்டாங்க. அப்ப இந்தியாவுல நோட் எழுத யாருமே இல்ல. இருந்திருந்தா மட்டும்? பாட்னால உக்காந்திருக்கறவனும் திருப்பூர்ல உக்காந்திருக்கறவனும் ஒரே நோட்டுக்கு ஆமா போட்டு 0.40 தாண்டறதுக்குள்ள எத்தனை ரயில் கிளம்பியிருக்கும்.

தமிழ்ல இதோட நிலைமை இன்னும் சுமார். தமிழ் போஸ்டுக்கு எனக்கு கண்ணுல படற நோட்டு ரொம்ப கம்மி, வர்றதுலயும் சினிமா போஸ்டர், பழைய போட்டோ, ஏஐ படம் இதெல்லாம்தான் ஜாஸ்தி. சித்த மருந்து, சர்க்கரைக்கு வேப்பங்கொழுந்து, மாத்திரைய நிறுத்துங்கன்னு ஓடற போஸ்டுங்களுக்குத்தான் அவசரமா வேணும், அங்க காத்து வாங்குது. அதோட நம்ம ஊர் பொய் எக்ஸ்ல பொறக்கறதே கம்மி. 2017 பிப்ரவரியில தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் போட்டப்ப ஸ்கூல் அம்மா அப்பா குரூப்ல வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா ஓடுச்சு, குழந்தைக்கு போடாதீங்கன்னு, அரசாங்கம் கடைசி தேதியை தள்ளி வைக்க வேண்டியதா போச்சு. அதை மீட்டது எந்த நோட்டும் இல்ல, ஸ்கூலுக்கு ஸ்கூல் போய் பெத்தவங்ககிட்ட பேசுன டாக்டருங்களும் நர்ஸுங்களும் டீச்சருங்களும்தான். வாட்ஸ்அப்புக்குள்ள போட்டு வைக்க இன்னும் இப்படி ஒரு பெட்டி கிடையாது.

ரேட்டிங்குக்கு வரேன். போட்டோ, வீடியோ, விளம்பரம் இதுல பொய் புடிக்க அஞ்சுக்கு நாலரை (விளம்பரத்துக்கு கீழயும் நோட் வரும் தெரியுமா, காசு குடுத்தவனையும் விடறது இல்ல, அது எனக்கு ரொம்ப புடிக்கும்). மருத்துவம், அறிவியல் நாலு. பொருளாதாரம் ரெண்டரை, ரெண்டு வரிக்குள்ள அடங்காத விஷயத்தை அடக்கப் பாக்குது. அரசியல் ஒண்ணு, அதுவும் நிரலை திறந்து வச்சதுக்காக. தமிழுக்கு இப்போதைக்கு ரெண்டு, ஆளுங்க சேந்தா ஏறும், குறிப்பா டாக்டர், வக்கீல், இன்ஜினியர், வாத்தியார் யாராவது இதை படிச்சா உள்ள வாங்க, உங்க டிகிரிக்கு அங்க மரியாதை கிடையாது, ஆனா எந்த லிங்க்கை தேடி எடுக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். செட்டிங்ஸ்ல போய் கம்யூனிட்டி நோட்ஸ்னு தேடுங்க, ரெண்டு நிமிஷ வேலை, அப்ளை பண்ண உடனே எடுக்கமாட்டான், வரிசையா எடுப்பான், கொஞ்சம் காத்திருங்க.